பத்து மணிக்கு மேல் பாஞ்சாலி

'பாண்டிச்சேரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்ன பண்ணலாம்?' என்று ஆபீஸில் யாராவது கேட்டால், பத்துப் பேர் பதினோரு யோசனை சொல்வார்கள். (பதினோராவது யோசனை என்னவென்று உங்களுக்கே தெரியும். அதற்கு இந்தப் பக்கத்தில் இடமில்லை.)

பீச் ரோடு, பாரதி பூங்கா, அலியான்ஸ் பிரான்சேஸில் சினிமா, ஜூலை 14 வந்தால் பிரெஞ்சு தேசிய தினம், தேர் என்றால் வில்லியனூர். திருக்காமீசுவரர் கோயில் தேரை கவர்னரே வந்து வடம் பிடித்து இழுப்பார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஆரம்பித்த வழக்கம். கொடி மாறியது, கவர்னர் மாறினார், வடம் மாறவில்லை.

இத்தனை யோசனைகளில் ஒருவர் வாயிலும் வராத பெயர் பிள்ளையார்குப்பம்.

'எந்தப் பிள்ளையார்குப்பம்?' என்று உள்ளூர்க்காரர்கள் உடனே கேட்பீர்கள். நியாயம்தான். வில்லியனூர் கொம்யூனில் ஒன்று இருக்கிறது, பாகூர் கொம்யூனில் ஒன்று இருக்கிறது. ஒன்று மேற்கே, இன்னொன்று தெற்கே கடலூர் சாலையில், மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர். 'பிள்ளையார்குப்பத்தில் இன்று கூத்து' என்று யாராவது சொன்னால், பெட்ரோல் போடுவதற்கு முன் கொம்யூனைக் கேட்டுக்கொள்வது உத்தமம்.

கூத்து என்றால் பஸ் ஸ்டாண்டில் நடக்கிற கூத்து இல்லை ஸார். தெருக்கூத்து.

*

கிராமத்துக் கூத்துக்குப் பத்திரிகை விளம்பரம் கிடையாது. டீக்கடைச் சுவரில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அதில் முக்கால் பாகம் உபயதாரர் பெயர்கள். மீதி இடத்தில் சாமி. அதற்கும் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில், 'இரவு 9 மணிக்கு தெருக்கூத்து நடைபெறும்'. நம்ம ஆபீஸ் சர்க்குலர் மாதிரிதான். விஷயம் கடைசி வரியில் இருக்கும்.

திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதத் திருவிழா நடத்துவார்கள். பகலில் ஒருவர் உட்கார்ந்து பாரதம் படிப்பார். ராத்திரியில் அதையே வேஷம் கட்டி ஆடுவார்கள். கடைசி நாள் காலையில் படுகளம். களிமண்ணில் தரையோடு தரையாக ஒரு ராட்சத துரியோதனனைப் படுக்க வைத்திருப்பார்கள். பீமன் அவன் தொடையைப் பிளப்பான். பாஞ்சாலி கூந்தல் முடிவாள். சாயங்காலம் தீமிதி.

கூத்தின் ராத்திரிக்கு ஒரு கணக்கு உண்டு. நான் பி.காம். என்பதால் கணக்கு இருக்கும் இடம் சட்டென்று கண்ணில் படும். முதலில் களரி கட்டுவார்கள். மத்தளம், தாளம், முகவீணை, ஆர்மோனியம் எல்லாம் சேர்ந்து 'ஊர் ஜனங்களே, சாப்பிட்டாச்சா, வாங்க' என்று சொல்கிற சமாச்சாரம் அது. பிறகு பிள்ளையார். பிறகு கட்டியக்காரன். அவன் உள்ளூர் பிரசிடெண்டிலிருந்து அஸ்தினாபுரம் வரை எல்லோரையும் கிண்டல் பண்ணுவான். அதற்கப்புறம்தான் இரண்டு பேர் பிடிக்கிற துணித் திரைக்குப் பின்னால் ராஜா வருவார். உடனே முகம் காட்ட மாட்டார். திரைக்குள்ளேயே பாடுவார், சலங்கையைக் கேட்க விடுவார், கிரீடத்தின் நுனியை மட்டும் காட்டுவார். சினிமா ஹீரோ என்ட்ரிக்கெல்லாம் தாத்தா இந்தத் திரைதான்.

அந்தக் கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. லேசான மரம். மேலே கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டியிருக்கும். தீப்பந்த வெளிச்சத்தில் மின்னுவதற்காகச் செய்த ஏற்பாடு. தீப்பந்தம் போய் பெட்ரோமாக்ஸ், அதுவும் போய் டியூப் லைட் வந்த பிறகும் கண்ணாடி மட்டும் மின்னிக்கொண்டே இருக்கிறது.

துச்சாதனன் பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்து வருகிற கட்டம் நடுராத்திரிக்கு மேல்தான். பாதித் தூக்கம், பாதி விழிப்பில் ஊரே உட்கார்ந்திருக்கும். பாஞ்சாலி வேஷம் கட்டியிருப்பது ஆண்பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் குரல் கிளம்பும்போது பெண்கள் எழுந்து கற்பூரம் ஏற்றுவார்கள். இதைப் பட்டப் பகலில் குளிர்சாதன அரங்கில் பார்த்தால் 'நல்ல நடிப்பு' என்று கை தட்டுவோம். ராத்திரி இரண்டு மணிக்குத் தெருவில் பார்த்தால் கை தட்டத் தோன்றாது.

*

சிக்கல் இங்கேதான் வருகிறது.

2000-ஆம் வருஷத்து ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள்படி, ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. 'மைக்கை ஆஃப் பண்ணிவிட்டு ஆடினால் போச்சு, கூத்து மைக்குக்கு முன்னாலிருந்தே இருக்கிறதே' என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், 2010-இல் விதியைத் திருத்தாமல் இருந்திருந்தால். ஒலிபெருக்கியோடு இசைக் கருவியையும் சேர்த்துவிட்டார்கள். ஆக, மத்தளமும் மாட்டிக்கொண்டது. மூடிய அரங்கத்துக்குள் என்றால் தடை இல்லை. அதாவது தெருக்கூத்திலிருந்து தெருவை எடுத்துவிட்டால் சட்டப்படி எல்லாம் சரி!

மத்தளக்காரப் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

"ஏண்ணே, சாயங்காலம் ஆறு மணிக்கே ஆரம்பிச்சு பத்துக்குள்ள முடிச்சுட்டா என்ன?"

"ஆறு மணிக்கு யாரு தம்பி வருவா? கம்பெனி பஸ்ஸு எட்டு மணிக்குத்தான் ஆளுங்கள எறக்கி வுடுது. அப்பறம் குளிக்கணும், சோறு துன்னணும், பொம்பளைங்க சீரியல் பாக்கணும். ஒம்போதுக்குக் களரி கட்டுனா, புள்ளையாரு வந்து போறதுக்குள்ள பத்து. அப்பறம் போலீசு வந்து நிக்குது. துரியோதனன் எப்படி வருவான்?"

"கூலி?"

"ராத்திரி பூரா ஆடுனா ஒரு பேச்சு. ரெண்டு மணி நேரம்னா பேரம். வேசம் போடற அரிதாரம் என்னமோ ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

இந்தக் கடைசி வாக்கியத்தைக் காஸ்ட் அக்கவுண்டன்ஸி புத்தகத்தில் 'நிலையான செலவு' என்ற தலைப்பில் சேர்க்கலாம். வருமானம் பாதி, செலவு முழுசு. மழைக்காலம் வந்தால் கூத்தே இல்லை. இந்தக் கணக்கைப் பார்க்கிற மகன், மத்தளத்தைத் தொடாமல் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறான். அவனைக் குறை சொல்ல முடியாது.

*

உடனே சட்டத்தைத் திட்டக் கிளம்பிவிடாதீர்கள். சுப்ரீம் கோர்ட் 2005 ஜூலையில் கொடுத்த ஒலி மாசுத் தீர்ப்புக்குக் காரணமான மனுவில் ஒரு விஷயம் இருந்தது. ஒரு 13 வயதுப் பெண் பலாத்காரத்துக்கு ஆளானபோது போட்ட கூக்குரல், அக்கம்பக்கத்து ஒலிபெருக்கிச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. இதைப் படித்த பிறகு 'எங்கள் பண்பாட்டில் கை வைக்காதே' என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர், பரீட்சைக்குப் படிக்கிற பையன், கைக்குழந்தைக்காரி எல்லோருக்கும் ராத்திரி சொந்தம். ஆஸ்பத்திரியைச் சுற்றி குறைந்தது 100 மீட்டர் அமைதி மண்டலம் என்பதும் நியாயமே.

ஆனால், கிராமத்தில் ராத்திரியைக் கெடுப்பது மத்தளமா? குழாய் ஸ்பீக்கரை மரத்துக்கு மரம் கட்டி சினிமாப் பாட்டை அலற விடுகிறவர்களையும், ஒரு தோல் கருவியை மடியில் வைத்து வாசிக்கிறவரையும் ஒரே தராசில் நிறுத்துவது என்ன நியாயம்?

சட்டத்திலேயே ஒரு ஜன்னல் இருக்கிறது. கலை, சமய விழாக்களுக்காக வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாமல், ராத்திரி பத்திலிருந்து பன்னிரண்டு வரை மாநில அரசு விலக்குத் தரலாம். சுப்ரீம் கோர்ட்டும் இதை ஏற்றுக்கொண்டது. எந்தெந்த நாட்கள் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பட்டியலில் பாரதக் கூத்து நாட்களும் இருக்கிறதா என்று கேட்க வேண்டியது ஊர்ப் பெரியவர்கள், கொம்யூன்கள், எம்.எல்.ஏ.க்கள் வேலை. பாஞ்சாலியை விடியும் வரை காப்பாற்ற முடியாது. நடுராத்திரி வரையாவது காப்பாற்றலாம்.

*

ஒரு தகவலோடு முடிக்கிறேன். பாரீஸில் தெயாத்ர் து சொலெய் என்று உலகப் புகழ் பெற்ற நாடகக் குழு. அதை நடத்தும் அரியான் மினுஷ்கின் என்ற அம்மையார் குழுவோடு புதுச்சேரிக்கு வந்து பட்டறை நடத்தினார். புரிசை கண்ணப்ப சம்பந்தனிடம் அந்தப் பிரெஞ்சு நடிகர்கள் கூத்து கற்றார்கள். 2016-இல் பாரீஸில் 'இந்தியாவில் ஓர் அறை' என்ற நாடகம் மேடையேறியது. அதற்குள் நம்ம பாரதக் கூத்து, நம்ம தமிழ்ப் பாட்டோடு! 2017-இல் நியூயார்க்குக்கும் போனது. சம்பந்தனுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

வெள்ளைக்காரன் டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று பார்த்த பாஞ்சாலியை, நாம் டிக்கெட் இல்லாமல், சம்மணம் போட்டு, வேர்க்கடலை கொறித்தபடி பார்க்கலாம். அடுத்த மஞ்சள் நோட்டீஸில் கடைசி வரியைப் படியுங்கள். ஒரு பழைய ஜமுக்காளம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதுக்கே போய்விடுங்கள். பதினோராவது யோசனையை அன்று ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

முக்கியமாக, எந்தப் பிள்ளையார்குப்பம் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.