பத்திரத்தில் விடுபட்ட வரி



ஒப்பந்தக் கூலி என்றதும் கப்பலேறிய பெரியவர்கள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஏழைப் பிள்ளைகளையே அப்படி எழுதிக் கொடுத்தார்கள் என்றால் நம்புவீர்களா?

தகப்பன் இறந்தாலோ, தாய்க்கு வளர்க்க வசதி இல்லாவிட்டாலோ, ஊர் அதிகாரிகளோ நீதிமன்றமோ பிள்ளையை ஒரு பண்ணைக்காரரிடமோ கைத்தொழில்காரரிடமோ ஒப்படைத்து விடுவார்கள். பெரும்பாலும் ஆண் பிள்ளைக்கு 21 வயது வரை, பெண் பிள்ளைக்கு 18 வயது வரை. சம்பளம் கிடையாது. சோறு, துணி, படுக்க இடம், ஒரு தொழில், கொஞ்சம் எழுத்தறிவு, அவ்வளவுதான். ஊருக்குச் செலவு மிச்சம். எஜமானருக்குக் கூலி மிச்சம்.

வடகரோலினாவில் ஆண்ட்ரூ ஜான்சன் என்றொரு பையன். மூன்று வயதில் தகப்பனை இழந்தவன். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அவனை ஒரு தையற்காரரிடம் எழுதிக் கொடுத்தார்கள். 1824இல் அண்ணனோடு ஓடிப்போனான். பிடித்துத் தருவோருக்குப் பத்து டாலர் என்று எஜமானர் பத்திரிகையில் விளம்பரம் செய்தார்! தையற்கடையில் பிறர் படிக்கக் கேட்டு எழுத்தின் மேல் ஆசை கொண்ட அந்தப் பையன்தான் 1865இல் அமெரிக்க ஜனாதிபதியானார்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மேரிலாந்து மாநிலத்தில் 1864 நவம்பர் முதல் தேதி அடிமைமுறை ஒழிந்தது. விடுதலையான கறுப்பினத் தாய்மார் மூச்சு விடுவதற்குள், அவர்கள் பிள்ளைகளைப் பழைய எஜமானர்களிடமே எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். எலிசபெத் டர்னர் என்ற சிறுமியும் அப்படிச் சிக்கியவள்தான். வெள்ளைப் பிள்ளையின் பத்திரத்தில் எழுத்தும் கணக்கும் கற்பிக்க வேண்டும் என்ற வரி இருக்கும். அவளுடைய பத்திரத்தில் அந்த வரியே இல்லை.

வழக்கு நீதிமன்றம் போயிற்று. 1867இல் தலைமை நீதிபதி சால்மன் சேஸ், இது கட்டாய ஊழியமே என்று கூறி அவளை விடுவித்தார். அவர் துணைக்கொண்ட சட்டங்களுள் ஒன்று 1866ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். அந்தச் சட்டம் வரக்கூடாது என்று தடுத்துப் பார்த்தவர் யார் தெரியுமா? அன்று தப்பி ஓடிய அதே ஜான்சன்தான்! நாடாளுமன்றம் அவரை மீறித்தான் அதை நிறைவேற்றியது. தான் பட்ட துன்பம் எல்லாருக்கும் இரக்கத்தைத் தந்துவிடுவதில்லை.

ஆகவே வாசகர்களே, ஏழைப் பிள்ளை ஒன்றை “நான் வளர்க்கிறேன்” என்று யாராவது அழைத்துப் போக வந்தால், சோறும் துணியும் உண்டா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பள்ளிக்கூடம் அனுப்புவீர்களா என்றும் கேளுங்கள். அந்தப் பதிலில் தெரிந்துவிடும், அவர் தேடுவது பிள்ளையையா, வேலைக்காரப் பிள்ளையையா என்பது.