முதலில் சிக்னல், அப்புறம் டிவி

டிவி வாங்கப் போகிறவரிடம் ஊரே கேட்கும் முதல் கேள்வி "எத்தனை இன்ச்?". இரண்டாவது கேள்வி "ஸ்மார்ட் டிவியா?". ஓசூர் டவுனுக்குள் இருப்பவருக்கு இந்த இரண்டு கேள்விகளே போதும். அஞ்செட்டிக்காரருக்குப் போதாது. "வீட்டுக்குள் என்ன சிக்னல் வருகிறது?" என்பதுதான் அங்கே முதலில் கேட்க வேண்டியது. அதைக் கேட்காமல் வாங்கினால், 43 இன்ச்சில் ஒரு வட்டம் சுற்றிக் கொண்டே இருப்பதை குடும்பத்தோடு உட்கார்ந்து ரசிக்க வேண்டியதுதான்!

கொஞ்சம் பழைய கதை. 2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச கலர் டிவி திட்டம் தொடங்கியது. 14 இன்ச் பெட்டி. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. அப்போதெல்லாம் விலை உயர்ந்த பொருள் என்றால் பெட்டிதான், உள்ளே வரும் படம் மலிவு. இன்றைக்கு அப்படியே தலைகீழ். பெட்டி மலிவாகிக் கொண்டே வருகிறது (32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது). உள்ளே வரும் படத்துக்குத்தான் மாதாமாதம் காசு. ஆனால் பட்ஜெட் போடுகிறவர்கள் இன்னமும் பெட்டியின் விலையை மட்டுமே பட்ஜெட் என்று நினைக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வரலாம்.

தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், உரிகம் என்று போகப் போக மலையும் காடும்தான். செல்போன் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. நடுவில் ஒரு குன்று வந்தால் அந்தப் பக்கம் இருக்கும் வீட்டுக்கு டவர் இருந்தும் இல்லாத மாதிரிதான். வாசலில் இரண்டு கோடு, சமையலறையில் பூஜ்யம். இந்த சிக்னலை நம்பி ஓடிடி பார்ப்பது எவ்வளவு சரிப்படும்?

சிக்னல் நன்றாகவே வருகிறது என்று வைத்துக் கொண்டாலும் கணக்கு இடிக்கும். ஹெச்டி தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் சுமார் 1 முதல் 3 ஜிபி வரை செலவாகும். 4கே என்றால் 7 ஜிபி வரை போகும். தினம் 2 ஜிபி தரும் மொபைல் ரீசார்ஜில் சாயங்காலம் இரண்டு சீரியல் ஓடுவதற்குள் டேட்டா தீர்ந்துவிடலாம். படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். அதற்குப் பிறகு 4கே டிவி எதற்கு என்ற கேள்வி வரும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. யாரும் கடையில் யோசிப்பதில்லை. வீட்டில் இருக்கும் ஒரே நல்ல ஸ்மார்ட்போன் யாருடையது? பெரும்பாலும் ஓசூர் சிப்காட்டுக்கோ கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸுக்கோ ஷிஃப்ட் வேலைக்குப் போகும் மகனுடையது அல்லது மகளுடையது. அந்த போனின் ஹாட்ஸ்பாட்டில்தான் டிவி ஓடுகிறது. காலை ஷிஃப்டுக்கு கம்பெனி பஸ் ஏறியதும் போனும் போய்விடும், டிவியும் போய்விடும். நாள் முழுக்க வீட்டில் இருக்கும் அம்மாவுக்கும் பாட்டிக்கும் மிஞ்சுவது சுவரில் ஒரு கருப்புக் கண்ணாடி. டிவி அதிகம் தேவைப்படும் ஆட்களுக்குத்தான் டிவி இல்லாமல் போகிறது. சம்பாதிக்கிறவர் வசதிக்கு வாங்கும் டிவியில் இந்த ஓட்டை எப்போதும் இருக்கும்.

ஆகவே மேலே பார்க்க வேண்டும். நிஜமாகவே மேலே! டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கு 93.5 பாகையில் இருக்கிறது. அஞ்செட்டியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், தரையிலிருந்து 65 பாகைக்கும் மேலான உயரத்தில் நிற்கும். கிட்டத்தட்ட உச்சி வானம். அவ்வளவு உயரத்தில் இருப்பதை எந்தக் குன்றும் மறைக்காது. வீட்டை ஒட்டிய புளியமரமோ தென்னையோ மறைக்காமல் இருந்தால் போதும். பெருமழையில் சில நிமிடம் படம் உறையும், மழை விட்டதும் வந்துவிடும். டவர் மறைக்கும் ஊரிலும் டிஷ் பேசும் என்பது மலைக்கிராமங்களுக்குக் கிடைத்த வரம்.

இப்போது ஐந்து வருடக் கணக்கு. அதாவது 60 மாதம்.

1. ஃப்ரீ டிஷ்: டிஷ்ஷும் பெட்டியும் ஒரு தடவைச் செலவு, சுமார் 2,000 ரூபாய்க்குள் முடியும். மாதக் கட்டணம் கிடையாது. டிடி தமிழ் (2024 ஜனவரி வரை பொதிகை), கன்னட டிடி சந்தனா, பிஎம் இ-வித்யா கல்விச் சேனல்கள் எல்லாம் வரும். குறை என்னவென்றால் இந்திச் சேனல்கள் கொட்டிக் கிடக்கும், சன் டிவி, விஜய் டிவி போன்ற கட்டணச் சேனல்கள் வராது. சீரியல் இல்லாத டிவியை வீட்டில் யாரும் டிவி என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள் :-)

2. கட்டண டிடிஎச் அல்லது கேபிள்: மாதம் 250 ரூபாய் என்று வைத்தால் 60 மாதத்துக்கு 15,000. பெட்டி விலையைவிட அதிகமாகவே ஆகலாம்.

3. ஃபைபர் நெட், ஓடிடி: எல்லாம் சேர்த்து மாதம் 600 என்று வைத்தால் 36,000. தெருவரைக்கும் ஒயர் வந்திருந்தால் மட்டுமே இந்தப் பேச்சு. படிக்கிற பிள்ளைகள் இருந்தால் இந்தச் செலவை டிவி கணக்கில் மட்டும் எழுதாமல் படிப்புக் கணக்கிலும் பாதி எழுதலாம்.

அஞ்செட்டியில் மொழி விஷயமும் உண்டு. அது எல்லை ஊர். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் கன்னடம், எதிர் வீட்டில் தெலுங்கு என்பது சாதாரணம். ஒரே வீட்டுக்குள் மூன்றும் இருப்பதும் உண்டு. டிடிஎச்சில் தமிழ் பேக் மட்டும் எடுத்தால் கன்னடம் பேசும் பாட்டிக்கு ஒன்றும் இருக்காது. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த டிராய் விதிப்படி சேனல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். பெரிய பேக்குக்குப் பணம் கட்டுவதற்குப் பதிலாக வீட்டில் உண்மையாகப் பார்க்கும் பத்துப் பதினைந்து சேனல்களை ஒரு தாளில் எழுதி, அதை மட்டும் கேட்பது புத்திசாலித்தனம். ஓடிடி எடுப்பதானாலும் சன் நெக்ஸ்ட் போல நான்கு தென்னிந்திய மொழிகளும் இருக்கும் ஒன்றை எடுத்தால் தனித்தனிச் சந்தா மிச்சம்.

இதெல்லாம் முடிவான பிறகுதான் டிவி. ஃபைபர் வராத வீட்டுக்கு 32 இன்ச் சாதாரண எல்இடி போதும், எச்டிஎம்ஐ சாக்கெட் இரண்டு இருந்தால் சரி. பின்னாளில் நெட் வந்தால் ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகினால் அதுவே ஸ்மார்ட் டிவி. மலிவு ஸ்மார்ட் டிவிகளில் 1 ஜிபி ரேம்தான் இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் ஆப்கள் கனமாகி ரிமோட்டை அமுக்கிவிட்டு ஒரு டீ குடித்து வரலாம். அப்போது ஸ்டிக்கை மாற்றுவது சுலபம், டிவியை மாற்றுவது கஷ்டம். வாரன்டி அட்டையைவிட முக்கியம், ரிப்பேர் என்றால் அஞ்செட்டிக்கு ஆள் வருவாரா, அல்லது டிவியைப் பஸ்ஸில் ஓசூருக்குத் தூக்கிப் போக வேண்டுமா என்பது. பில் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. இடி மின்னல் நேரத்தில் கரண்ட் பிளக்கோடு டிஷ் ஒயரையும் கழற்றி வைத்தால் அந்த ரிப்பேரே பாதி வராது.

"எல்லாரும் போனிலேயே பார்க்கிறார்கள், டிவியே எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. போனில் ஒருவர் பார்க்கலாம். வீட்டில் நான்கு பேர் இருக்கிறார்கள். 2020 ஊரடங்கில் நெட் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் வந்தது கல்வித் தொலைக்காட்சியில்தான். ரீசார்ஜ் முடிந்தாலும், மகன் வேலைக்குப் போனாலும் அணையாத ஒரு திரை வீட்டில் இருப்பது ஆடம்பரம் இல்லை.

ஆக, பட்ஜெட் 15,000 ரூபாய் என்றால் முழுவதையும் திரையில் போடக் கூடாது. 10,000 அல்லது 11,000 ரூபாய்க்கு 32 இன்ச், 2,000 ரூபாய்க்குள் ஃப்ரீ டிஷ், மீதியை வீட்டுக்காரர்கள் கேட்கும் நாலு கட்டணச் சேனலுக்கோ பின்னாளில் ஒரு ஸ்டிக்குக்கோ ஒதுக்கி வைக்கலாம். ஃப்ரீ டிஷ் பிடிக்காதவர்கள் அந்த 2,000 ரூபாயை டிடிஎச்சில் போடட்டும். எதுவானாலும் பகல் பதினோரு மணிக்கு, வீட்டில் ஸ்மார்ட்போன் எதுவும் இல்லாத நேரத்தில், பாட்டி ரிமோட்டை எடுத்து அமுக்கினால் படம் வர வேண்டும். அந்தச் சோதனையில் தேறினால்தான் அது அஞ்செட்டிக்கு ஏற்ற டிவி.