செவிலிமேட்டுப் பிள்ளைகள் பாதுகாப்பு: கோரிக்கை மனு

அனுப்புநர்: செயலாளர், நெசவாளர் குடியிருப்போர் நலச் சங்கம், செவிலிமேடு, காஞ்சிபுரம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், காஞ்சிபுரம்.

பொருள்: வீட்டு அடிதடிக்கு நடுவே வளரும் பிள்ளைகள் – அக்கம்பக்கத்தார் தரும் தகவலை ஏற்று நடவடிக்கை எடுக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்துச் சங்கம் முன்னர் அனுப்பிய கடிதங்கள் (பதில் வரப்பெறவில்லை).

ஐயா / அம்மையீர்,

எங்களுடையது தறிக்குடும்பங்களின் பதிவுபெற்ற சங்கம்.

முதல் கடிதத்தில் எழுதியதையே மீண்டும் எழுதுகிறோம். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் தறி வீட்டுக்குள் இருக்கிறது. கோர்வைச் சேலைக்குக் கரைப்பக்கம் நாடா போட இன்னொருவர் உட்கார வேண்டும். மனைவி உட்காருவார், பள்ளி விட்டு வந்தபின் பிள்ளை உட்காரும். குடித்துவிட்டு வரும் தகப்பன் கையை ஓங்கும்போது, அது எட்டும் தூரத்தில்தான் பிள்ளை இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுத்தறிகளில் கொத்தடிமைப் பிள்ளைகள் பட்ட பாட்டை 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை எழுதியது. அது முதலாளியிடம் வேலை பார்த்த பிள்ளைகளின் கதை. எங்கள் பிள்ளைகள் உட்காருவது சொந்த வீட்டுத் தறியில். பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்கிறது குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம். அந்த நேரத்தில் அடி விழுந்தால் கேட்பது யார்?

அடுத்த கடிதத்தில், இப்பிள்ளைகள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று விவரித்திருந்தோம். தகப்பனின் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று கணித்துவிடுகிறார்கள். மூத்தவள் தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தான் மட்டும் திரும்பி வருகிறாள். ஒருவன் பேச்சை நிறுத்திவிட்டுத் தார் சுற்றுகிறான். ‘அடம் பிடிக்காத பிள்ளை’ என்று நாமும் மெச்சுகிறோம். இன்னொருவன் வீட்டில் பார்த்ததைப் பள்ளியில் செய்கிறான். அவனிடம் மட்டும் பெற்றோரை அழைத்துவரச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு ஒத்தடம் கொடுத்த இரவுக்கு மறுநாள் வகுப்பில் தூங்கினால், அது சோம்பல் என்று எழுதப்படுகிறது. தாய் அடிபடுவதைப் பார்த்து வளர்வதே பிள்ளைக்குக் கேடு என்பதை குழந்தைப் பருவத்தில் பட்ட துன்பங்களை ஆராய்ந்து 1998இல் அமெரிக்காவில் வெளியான ஏஸ் (ACE) ஆய்வு தனி வகையாகவே கணக்கில் எடுத்தது.

தாங்கி நிற்கும் பிள்ளைகளுக்கெல்லாம் ஓடிவந்து உட்கார ஒரு திண்ணை இருக்கிறது. கேள்வி கேட்காமல் சோறு போட ஒரு பாட்டியோ அத்தையோ இருக்கிறார். அந்தத் திண்ணைக்காரர்கள் நாங்கள். தகவல் சொல்லப் போனால், “அடிபட்ட பெண்ணே வந்து எழுதித் தரட்டும்” என்று ஓர் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதவில்லை.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 அப்படிச் சொல்லவில்லை. பிரிவு 4இன்படி, வன்முறை நடந்தது, நடக்கிறது, நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தந்தவர் மீது உரிமையியல் பொறுப்போ குற்றவியல் பொறுப்போ சாராது என்றும் அதே பிரிவு கூறுகிறது. ‘எவரும்’ என்றால் எதிர்வீட்டுக்காரரும் அதில் அடக்கம். புகார் வந்தால் நீதித்துறை நடுவருக்குச் சம்பவ அறிக்கை அனுப்புவது பிரிவு 9இன்படி அலுவலரின் கடமை. பாதிக்கப்பட்டவர் பிள்ளை என்றால், பாதுகாப்பு உத்தரவில் அதன் பள்ளிக்குள் நுழையவும் தடை விதிக்கலாம் என்கிறது பிரிவு 18. தறியும் முன்பணமும் கணவன் பெயரில் இருக்க, அந்தப் பெண் எந்தத் தைரியத்தில் தானே வந்து எழுதித் தருவாள்? அதற்காகத்தான் பிரிவு 4 இருக்கிறது என்பது எங்கள் துணிபு. ஆகவே, அக்கம்பக்கத்தார் தரும் தகவலை எழுத்தில் பெற்று, அங்கேயே ஒப்புகைச்சீட்டு வழங்கவும், தாயின் நிலையோடு பிள்ளையின் நிலையையும் நேரில் விசாரித்துப் பதியவும் ஆணையிட வேண்டுகிறோம்.

மேலும், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை நியாயவிலைக் கடைச் சுவரில் எழுத ஆவன செய்யவும். பிள்ளைகள் ஒதுங்கியிருக்க நூலகத்தை மாலையில் கூடுதல் நேரம் திறந்துவைக்கவும். அவர்கள் இருட்டில் ஓடிவராதபடி, பழுதான தெருவிளக்குகளைச் சீர்செய்யவும். மதுக்கடைக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தை அளந்து தெரிவிக்கவும் கோருகிறோம். (2003 மதுபான சில்லறை விற்பனை விதிகளின்படி, பேரூராட்சியாக இருந்தவரை எங்களுக்கு 100 மீட்டர்; நகரத்தோடு இணைந்தபின் 50 மீட்டர். ஊர் பெரிதாகி, தூரம் பாதியானது.)

முதல் கோரிக்கைக்கு எழுத்துப்பூர்வமான பதிலைப் பணிவுடன் வேண்டுகிறோம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒற்றை வரியைப் பதிலாகச் சங்கம் ஏற்காது.

இப்படிக்கு,
செயலாளர்