'பயிற்சி' என்ற பெயரில் பகற்கொள்ளை

மழை பொய்த்து, நடவும் களையெடுப்பும் நின்றுபோனால் விவசாயத் தொழிலாளி வீட்டு வாசலுக்கு இரண்டு பேர் வருவார்கள். ஒருவன் கடன் கொடுத்தவன். மற்றவன் மில்லுக்கு ஆள் பிடிக்கும் தரகன். மதுரை, தேனி, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டக் கிராமங்களிலிருந்து திண்டுக்கல், கோவை, ஈரோடு வட்டார நூற்பாலைகளுக்கு இளம் பெண்கள் இப்படித்தான் கூட்டம் கூட்டமாகக் கொண்டு போகப்பட்டார்கள். மூன்று வருஷம் மில் விடுதியில் அடைந்து கிடந்து உழைக்க வேண்டும். முடிவில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று மொத்தமாகத் தருவார்களாம். இதற்கு முதலாளிகள் சூட்டிய பெயர் 'சுமங்கலித் திட்டம்'! வரதட்சணை 1961-ம் வருஷச் சட்டப்படி குற்றம். அந்தக் குற்றத்தையே விளம்பரமாக்கி ஆள் சேர்த்தார்கள், கேட்பாரில்லை.

மொத்தத் தொகை என்பது தானமா? இல்லை. மாதா மாதம் கொடுத்திருக்க வேண்டிய கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டது. இடையில் நோயில் விழுந்து ஊர் திரும்பிய பெண்களுக்கு அதுவும் இல்லையென்று கைவிரித்த மில்கள் உண்டு. பதினெட்டு நிரம்பாத பெண்களும் வாரம் 60 மணிக்கு மேல் உழைத்ததை 2014-ல் நெதர்லாந்து ஆராய்ச்சி ஸ்தாபனங்களின் அறிக்கை உலகத்துக்குச் சொன்னது.

சட்டம் இல்லாமலா இந்தக் கொடுமை நடந்தது? 1881-ல் வெள்ளைக்கார சர்க்கார் கொண்டுவந்த முதல் பாக்டரிச் சட்டத்தில், ஏழு வயதுக் குழந்தையிடம் ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம். (பம்பாய் மில்களின் போட்டி தாங்காமல் லங்காஷயர் முதலாளிகள் போட்ட கூச்சலால் வந்த 'கருணை' அது!) தொழிலாளர் போராடப் போராட அந்த ஒன்பது மணி 1891-ல் ஏழாயிற்று, 1922-ல் ஆறு, 1934-ல் ஐந்து, 1948-ல் நாலரை. பதினாலுக்குக் குறைந்தவர்களுக்கு ஆலையில் இடமே இல்லை என்றும் 1948-ல் எழுதினார்கள். பதினெட்டு ஆகாத பெண்ணை மாலை 7-க்குப் பின் காலை 6 வரை வேலை வாங்கக்கூடாது என்று 1987-ல் திருத்தினார்கள். ஆனால் விடுதியிலோ நடுராத்திரி ஷிப்டுக்கு மணி அடித்தது!

இன்ஸ்பெக்டர் வந்தால் டாக்டர் சீட்டு தயார். பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் பதினெட்டு என்று. 'இவர்கள் தொழிலாளர் அல்ல, பயிற்சி பெறுகிறவர்கள்' என்ற விளக்கமும் தயார். மூன்று வருஷம் நூல் முடிவதற்குப் பயிற்சியா?

சட்டத்தின் வாசலையும் இப்போது குறுக்கிவிட்டார்கள். 1881-ல் நூறு பேர் உழைக்கும் ஆலைக்குத்தான் சட்டம். அது ஐம்பதாகி, இருபதாகி, 1948-ல் மின்விசை உள்ள இடத்தில் பத்துப் பேர் என்றாயிற்று. 2025 நவம்பர் 21-ல் மத்திய சர்க்கார் அமுலாக்கிய சட்டத் தொகுப்பு அதை மறுபடி இருபதாக்கிவிட்டது. இருபது என்பது 1922-ம் வருஷக் கணக்கு!

மில் தொழிலாளித் தோழர்களே, இது கிராமத்தார் சங்கதி என்று ஒதுங்க வேண்டாம். ரிடையரான நிரந்தரத் தொழிலாளியின் இடத்தில் யார் வந்து நின்றது? பிராவிடண்ட் பண்டு இல்லாத, போனஸ் இல்லாத, சங்கத்தின் முகமே பார்க்காத 'பயிற்சி'ப் பெண். அவள் கூலியை அமுக்கினால் உங்கள் கூலியும் அமுங்கும். 2023 ஏப்ரல் 21-ல் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சென்னைச் சட்டசபையில் நிறைவேறியது, சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்றே வாபஸ் என்று அறிவிக்க நேர்ந்தது. பத்தே நாள்! விடுதிச் சுவருக்குள் இருக்கும் பெண்ணுக்கு அந்தக் குரல் இல்லை. அவளுக்காகக் கேட்க வேண்டியது மில் வாசலில் நிற்கும் சங்கம்தான்: விடுதியைத் திற, சங்கத்தை உள்ளே விடு, சம்பளச் சீட்டைக் காட்டு.

கிராமத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளுக்கும் வேலை இருக்கிறது. தரகன் வந்தால் தெருவில் நிறுத்திக் கேளுங்கள். வயதுக்குப் பள்ளிக்கூடச் சான்றா, டாக்டர் சீட்டா? மாதச் சம்பளம் பெண்ணின் கைக்கு வருமா? ராத்திரி ஷிப்டு உண்டா? பாதியில் திரும்பினால் கணக்குத் தீர்ப்பார்களா? பதிலோடு மில்லின் பெயரையும் தரகன் பெயரையும் எழுதிச் சங்க ஆபீசில் கொடுங்கள். ஏற்கெனவே போன பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098-க்குப் போன் செய்யுங்கள், காசு இல்லை.