சாவி யாரிடம் இருக்கிறது?

எண்ணூரில் 2023 டிசம்பர் 26 இரவு அமோனியா கசிந்தபோது பட்ட பாட்டை ஆய்வுக்காகச் சொன்ன பெரியகுப்பத்து மக்களின் பெயரும் குரலும் என் மடிக்கணினியில் இருக்கின்றன. ஆலையை எதிர்த்துப் பேசியவர்கள் அவர்கள். அதனால்தான் டெபியன் லினக்ஸுக்கு மாறினேன்.

"நம்மை யார் வேவு பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்கும் தோழர்கள் பீமா கோரேகான் வழக்கைப் படிக்க வேண்டும். ரோனா வில்சனின் கணினியில் 'நெட்வயர்' என்னும் உளவு மென்பொருள் 22 மாதங்கள் இருந்தது, அதன்வழியே ஆவணங்கள் திணிக்கப்பட்டன என்று 2021இல் அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் அறிக்கை சொன்னது. மின்னஞ்சலில் வந்த ஒரு கோப்பைத் திறந்ததில் தொடங்கியது. 2018இல் கைதானவருக்கு 2025 ஜனவரியில்தான் பிணை.

லினக்ஸ் மந்திரத் தாயத்து அல்ல. கண்ட கோப்பையும் திறந்தால் அதுவும் காப்பாற்றாது. ஆனால் கணினி பறிபோனால்? மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11 நிறுவினால், வட்டுப் பூட்டின் மீட்புச் சாவி வழக்கமாக அந்த நிறுவனத்திடமே போய்ச் சேரும். லினக்ஸின் 'லக்ஸ்' பூட்டுக்கு உங்கள் கடவுச்சொற்றொடர்தான் சாவி. அந்த நிரலை யாரும் படித்துச் சோதிக்கலாம்.

திறந்த வன்பொருள் நம் வருமானத்துக்கு எட்டாது. அரசு கொடுத்த பழைய லேப்டாப் போதும். கோப்புகளை முதலில் படியெடுங்கள், பிறகு நிறுவுங்கள். கடவுச்சொற்றொடரை மறந்தால் மீட்க வழியில்லை.