எட்டாம் எண் கோலும் நான்கு பொய் இரைகளும்

தூண்டில் என்ற சொல்லின் பொருத்தத்தை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. வலை வளைக்கிறது, பறி அடைக்கிறது, தூண்டில் மட்டுமே மீனின் ஆசையோடு பேரம் பேசுகிறது. தூண்டுவது எதுவோ அதுவே தூண்டில். சூதாடியின் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு வள்ளுவர் ஒப்பிட்டதும் இந்தப் பேரத்தை அறிந்துதான். ஆயினும் புழுவோ இறாலோ கோத்த தூண்டிலில் உணவு என்று உண்மையான ஒன்று இருக்கிறது. அதுவும் இன்றி, இறகையும் நூலையும் முள்ளில் கட்டி, அதன் அசைவால் மட்டுமே மீனைத் தூண்டும் முறை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஃப்ளை ஃபிஷிங் என்பார்கள். மாசிடோனியர்கள் செந்நிறக் கம்பளி நூலும் சேவல் இறகும் சுற்றிய முள்ளால் மீன் பிடித்ததை ஏலியன் என்னும் ரோமானிய எழுத்தாளர் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்.

'ஈத் தூண்டில்' என்று இதைத் தமிழில் சொல்லிவிடலாம். ஆனால் நம் ஊர் நீரில் இந்தப் பெயர் பொருந்தாது. இங்கே முள்ளில் கட்டப்படுவது ஈயைப் போல இருப்பதில்லை. சிறுமீனைப் போலவோ, இறாலைப் போலவோ, தவளையைப் போலவோ இருக்கும். ஆகவே 'பொய் இரை' என்ற சொல்லையே நாங்கள் பயன்படுத்துகிறோம். தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கத்து நண்பர்கள் சிலர் இதில் ஆர்வம் கொண்டு எதை வாங்குவது என்று கேட்கிறார்கள். எங்கள் பதில் சுருக்கமானது: எட்டாம் எண் கோல் ஒன்று, வெப்ப மண்டலத்துக்கென்று செய்த லைன் ஒன்று, நான்கு வகைப் பொய் இரைகள். இவ்வளவே போதும். ஏன் போதும் என்பதற்குத்தான் விளக்கம் தேவைப்படுகிறது.

இக்கலையின் நூல்கள் பெரும்பாலும் குளிர்ந்த நீரில் பிறந்தவை. ஐசக் வால்டனின் 'தி கம்ப்ளீட் ஆங்ளர்' (1653), அதன் 1676ஆம் ஆண்டுப் பதிப்பில் சார்ல்ஸ் காட்டன் சேர்த்த பகுதி, நார்மன் மெக்லீனின் 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' (1976) என்று எதை எடுத்தாலும் ஓடும் தெளிநீரும் டிரவுட் மீனும்தான். ஆங்கிலேயர் இங்கு வந்தபோது அந்த மீனையே இறக்குமதி செய்து நீலகிரி ஓடைகளில் விட்டார்கள். இன்றும் 'ஆரம்பநிலைத் தொகுப்பு' என்று இணையத்தில் விற்கப்படுவது டிரவுட்டுக்கான ஐந்தாம் எண் கோல்தான். அதை வாங்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகிறவர், விரால் ஒன்று முள்ளைக் கவ்விக்கொண்டு ஆகாயத்தாமரைக்குள் புகுந்த அடுத்த கணமே தோற்றுவிடுகிறார். குறை அவருடையதன்று, வேறொரு தட்பவெப்பத்தின் இலக்கணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

விதிவிலக்காக ஒருவரைச் சொல்ல வேண்டும். சென்னை மாகாண சிவில் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 'தி ராடு இன் இந்தியா' (1873) எழுதியதோடு நில்லாமல், ஏரி குளங்களில் மீன் பிடிப்பதற்கென்றே 'டேங்க் ஆங்ளிங் இன் இந்தியா' என்று தனியொரு நூலையும் 1887இல் வெளியிட்டார். கையிலிருக்கும் நீரைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்துகொள் என்ற புத்தி அந்த முயற்சியிலேயே இருக்கிறது. நாங்கள் சொல்ல விரும்புவதும் அதையே.

நம் கையிலிருக்கும் நீர் எது? சிட்லப்பாக்கம் ஏரி நிறைந்தால் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முடிவில் முட்டுக்காடு முகத்துவாரம். ஏரி மீன் வேறு, கழிமுக மீன் வேறு என்று நாம் பிரித்துப் பேசினாலும் நீர் ஒன்றுதான். கொடுவா இதற்குச் சாட்சி. அது உப்பு நீரில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் கழிமுகம் கடந்து நன்னீருக்கும் ஏறும். இடையில் கழிவுநீரும் ஆகாயத்தாமரையும் வந்து அந்த வழியை மறித்தது நம் காலத்துக் கதை. ஏரியில் விரால், ஜிலேபிக் கெண்டை. கழிமுகத்தில் கொடுவா, மடவை, மொரான் கெண்டை. கோவளம் கடலோரத்தில் பாறை, தோல்பாறை, சீலா. இத்தனைக்கும் ஒரே கோல் போதுமா என்றால், முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் போதும் என்பதே எங்கள் வாதம்.

இங்கே எண் என்பதன் பொருளை அறிவது நல்லது. சாதாரணத் தூண்டிலில் ஈயத்தின் எடை நூலை இழுத்துக்கொண்டு பறக்கிறது. இதில் தலைகீழ்: பொய் இரை ஓரிரு கிராம்தான், தடித்த லைனின் எடையே அதைச் சுமந்து செல்கிறது. எனவே லைனின் முதல் 30 அடியை நிறுத்து எண் கொடுக்கும் வழக்கத்தை அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1961இல் வகுத்தார்கள். ஐந்தாம் எண் 140 கிரெய்ன்; எட்டாம் எண் 210 கிரெய்ன், அதாவது சுமார் 13.6 கிராம். கோல் அந்த எடைக்கேற்ப வளையும்படி செய்யப்படுகிறது. கடற்காற்றை எதிர்த்துக் கனமான இரையை வீசவும், தாமரைக் கொடிகளிலிருந்து விராலைத் திருப்பவும் ஐந்தாம் எண்ணுக்கு வலுவில்லை. பத்தாம் எண் பெரிய பாறை மீனுக்கு ஏற்றது; ஆனால் புதியவரின் தோளை ஒரு மணி நேரத்தில் ஓய்த்துவிடும். ஒன்பது அடி நீளமுள்ள எட்டாம் எண் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஜிலேபிக்கு அது மிகைதான். ஒப்புக்கொள்கிறோம். மிகையான கோலால் சின்ன மீனைப் பிடிக்கலாம். குறையான கோலால் பெரிய மீனைக் கரை சேர்ப்பது அரிது.

கோலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் லைனைப் பற்றி ஒரு வாக்கியம் பேசுவதில்லை. எங்களுக்கு இதில்தான் வருத்தம். குளிர்நாட்டு லைனின் மேற்பூச்சு மென்மையானது. நம் ஊர் மே மாத வெயிலில் அது இளகி, கோலின் வளையங்களில் ஒட்டிக்கொண்டு, நனைந்த சணலைப் போலத் துவளும். வெப்ப மண்டல லைனின் உள்நரம்பும் பூச்சும் விறைப்பானவை. அதே லைனை ஊட்டிக்குக் கொண்டுபோனால் சுருள் சுருளாக நிற்கும். விலை மலிந்த கோலும் நல்ல லைனும் சேர்ந்தால் வீச முடியும். விலையுயர்ந்த கோலோடு தவறான லைன் சேர்ந்தால் முடியாது. பணம் குறைவாக இருப்பவர் கோலில் மிச்சம் பிடிக்கட்டும். முதலில் மிதக்கும் லைன். கழிமுகம் பழகிய பிறகு, மெல்ல அமிழும் இன்னொரு லைன்.

ரீலில் பார்க்க வேண்டியது ஒன்றே: உப்பு புகாதபடி மூடிய பிரேக். வீடு திரும்பியதும் நன்னீரில் கழுவாதவனுக்கு எந்த ரீலும் உழைக்காது. லைன் முனையில் கட்டும் லீடர், டிரவுட் நூல்கள் சொல்வதுபோல மயிரிழையாக இருக்க வேண்டியதில்லை. கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்பு கத்தி போன்றது; வாய் அரம் போன்றது. கடைசி ஓரடிக்கு 40 பவுண்டு நைலான் நூல் வேண்டும். சீலாவுக்குப் பல் இருப்பதால் மெல்லிய கம்பி வேண்டும். மீன் கவ்வியதும் கோலை உயர்த்துவது டிரவுட் பழக்கம். இங்கே கோலைத் தாழ்த்தி, இடக்கையால் லைனை நேரே இழுத்து முள்ளைப் பதிக்க வேண்டும். விராலின் வாய் எலும்பு அப்போதுதான் இடம் கொடுக்கும்.

இனி நான்கு பொய் இரைகள். முதலாவது, க்ளவுசர் மின்னோ. பென்சில்வேனியாவில் வழிகாட்டியாக இருந்த பாப் க்ளவுசர் 1980களில் கட்டியது. கண்களுக்குப் பதில் உலோக மணிகள். இழுத்தால் ஓடும், விட்டால் தலைகுப்புற விழும். முள் மேல்நோக்கி நிற்பதால் அடியில் சிக்குவது குறைவு. வெள்ளையும் இளம்பச்சையும் கலந்தது போதும். இரண்டாவது, டிசீவர். லெஃப்டி கிரே (1925–2018) வடிவமைத்த, நீண்ட இறகு வாலுள்ள வெண்ணிறச் சிறுமீன். அமெரிக்க அஞ்சல்துறை 1991இல் அதற்குத் தபால்தலையே வெளியிட்டது. முட்டுக்காட்டுப் பாலத் தூண்களின் நிழலில் ஒதுங்கும் மீனுக்கு இதைக் காட்டலாம். மூன்றாவது, மிதக்கும் தவளை. முள்ளுக்கு முன்னால் வளைந்த நைலான் காவல் ஒன்று கட்டாயம். இல்லாவிட்டால் ஒவ்வொரு வீச்சிலும் தாமரைத் தண்டுதான் கிடைக்கும். விரால் காற்றைச் சுவாசிக்க மேலே வரும் மீன். அது வந்து போன இடத்துக்குச் சற்று முன்னால் தவளையைப் போட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். நான்காவது, விரல் நக அளவேயான மங்கிய பழுப்பு இறால். ஜிலேபியும் கழிமுகச் சில்லறை மீன்களும் இதற்கு வரும்.

இவற்றை விலைக்கு வாங்காமல் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்பது எங்கள் அடுத்த வற்புறுத்தல். கறிக்கடைச் சேவலின் பிடரி இறகு, வெள்ளாட்டு வால் மயிர், பழைய புடவை ஜரிகை, தேய்ந்த ரப்பர் செருப்பின் அடிப்பாகம், முடிச்சை இறுக்க நகப்பூச்சு என எல்லாம் வீட்டருகே கிடைப்பவை. இதில் ஒரு வரலாற்றுக் கணக்கும் இருக்கிறது. ஸ்காட்லாந்து ஆறுகளின் சால்மன் மீனுக்குக் கட்டிய அலங்காரப் பொய் இரைகளில், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு பதிக்கப்பட்டது. அந்த மோகத்துக்கு எத்தனையோ பறவைகள் பலியாயின. இன்று காட்டுக்கோழியும் மானும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வெளிநாட்டுக் குறிப்பில் மான் மயிர் என்று படித்துவிட்டு இங்கே அதைத் தேடிப் போக வேண்டாம். ஆட்டு மயிர் போதும். மீன் வித்தியாசம் கேட்பதில்லை.

கருவியைத் தேர்ந்தபின், இடத்தைத் தேர்வதிலும் ஒழுங்கு வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வனத்துறைக் காவலில் உள்ளது. 2022இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே தூண்டிலுக்கு இடமில்லை. பல ஏரிகளில் மீன்பாசிக் குத்தகை நடக்கிறது. குத்தகை எடுத்தவர் குஞ்சு விட்டு வளர்த்த மீன் அது. அவரிடம் கேட்காமல் வீசுவது, திருப்பி விட்டாலும், அடுத்தவர் வயலில் இறங்குவதற்குச் சமம். கழிமுகத்தில் வீச்சு வலைக்காரர் முதல் உரிமையாளர். அவர் வலை விழும் நீரில் நம் பொழுதுபோக்கு ஒதுங்கி நிற்க வேண்டும். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தோடு திரியும் தாய் விராலையும் தந்தை விராலையும் தொடக் கூடாது. காவல் போனால் குஞ்சுகள் அனைத்தும் போகும்.

கொடுவா விஷயத்தில் நாங்கள் இன்னும் கண்டிப்பு. அது ஆணாக வளர்ந்து, வயதேறியபின் பெண்ணாக மாறும் மீன். ஆகவே மிகப் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் முட்டை சுமக்கும் பெண்கள். முட்டுக்காட்டில் நிலையம் வைத்திருக்கும் உவர்நீர் மீன்வளர்ப்பு மத்திய ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் கொடுவாவைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்யவைத்தது. சாப்பிடுவதற்குப் பண்ணைக் கொடுவா சந்தையில் இருக்கிறது. கழிமுகத்தில் தப்பிப் பிழைத்துப் பெரிதான ஒன்றைப் படமெடுத்துப் பெருமை கொள்வதற்காகக் கொல்வது எங்களுக்கு உடன்பாடில்லை. முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள்; நீரிலிருந்து தூக்காமலே கழற்றலாம். மாறாக, 1952இல் இந்தியாவுக்கு வந்து எங்கும் பெருகிவிட்ட ஜிலேபியைத் திருப்பி விட வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. விரால் இல்லாத குளத்துக்குக் குறவை அதிகாரி என்பது பழமொழி. இன்று அந்த அதிகாரம் ஜிலேபியின் கையில்.

நம் நெய்தல் எழுத்து, வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' தொடங்கி ஜோ டி குரூஸின் 'ஆழிசூழ் உலகு' வரை, மீனை வயிற்றுப்பாடாகவும் விதியாகவும் கண்டது. அது நியாயமே. அந்த வரிசையில் பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு இடம் கேட்க எங்களுக்குத் துணிவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். புறநகர் ஏரிகளை இன்று பெரும்பாலோர் பார்ப்பது வெள்ளம் வரும்போது மட்டுமே. பொய் இரை வீசுகிறவர் வாரந்தோறும் பார்க்கிறார்: நீரின் நிறம் எப்போது மாறியது, விரால் எந்த மூலையிலிருந்து காணாமற் போயிற்று, எந்தக் குழாய் புதிதாக வந்து கரையில் திறந்தது என்று. ஒவ்வாத கோலை வாங்கி, மூன்று வாரத்தில் சலித்து, பரண் மேல் போட்டுவிடுகிறவரோடு அந்தக் கண்களும் போய்விடுகின்றன. கோலும் லைனும் இரையும் நம் நீருக்குப் பொருந்தியிருக்க வேண்டும் என்று இத்தனை பிடிவாதமாக நாங்கள் எழுதுவதற்குக் காரணம் மீன் மட்டுமன்று.