ஏடு கொடுத்தவர் பெயர்

சிற்றிதழ் ஒன்றில் நண்பரொருவர் எழுதிய அறிவியல் கட்டுரையை அண்மையில் வாசித்தோம். கஞ்சாச் செடியில் அருகலாகவே கிடைக்கும் டெட்ராஹைட்ரோகன்னாபிவாரின் என்னும் சேர்மத்தைப் பற்றியது. சுருக்கமாக டி.எச்.சி.வி. என்பார்கள். அதைத் தேடி நூற்றுக்கணக்கில் நாற்று வளர்த்து, ஒவ்வொரு செடியையும் சோதனைக்கூடத்தில் அளந்து, வேண்டாதவற்றைக் கழித்துக்கட்டி, வேண்டியதை மட்டும் பெருக்கிய கதையை நண்பர் சுவைபடச் சொல்லியிருந்தார். தமிழில் இத்தகைய எழுத்து குறைவு. ஆகவே மகிழ்ந்துதான் படித்துக்கொண்டு போனோம். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி காலைத் தடுக்கிற்று. தம்மிடம் இருப்பது இன்னதென்று அறியாத பாமரர்களிடமிருந்து அறிவியல் இந்த மூலக்கூறை மீட்டெடுத்தது என்ற பொருளில் அமைந்த வரி அது. அந்த ஒரு வரியோடுதான் நமக்கு வழக்கு.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. கல்லூரி வாசலில் அது இளைஞர்களை என்ன பாடு படுத்துகிறது என்பதை ஆண்டுதோறும் கண்ணால் பார்க்கும் தொழில் நம்முடையது. சித்தர் மரபு அதைக் கோரக்கர் மூலி என்று அழைப்பதைச் சொல்லிப் புல்லரிக்கும் கூட்டத்திலும் நாம் இல்லை. நம் கேள்வி வேறு. ஒன்றைக் காத்தவர் யார், அளந்தவர் யார், அதற்குப் பெயர் வாங்கியவர் யார் என்பதே கேள்வி.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய கேள்வியன்று. ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையர், தம் பதிப்புகளின் முகவுரைகளில் எந்தப் பிரதி யார் வீட்டிலிருந்து வந்தது என்பதைப் பட்டியலிட்டு வைத்தார். அந்த வீட்டுக்காரர்களில் பலருக்குத் தம் பரணில் கிடந்தது இன்ன நூலென்று தெரியாது. பதினெட்டாம் பெருக்கில் வெள்ளத்தில் விட்டவர்களும் உண்டு. ஆயினும் தெரியாதவர்தானே என்று அவர் பெயரை விட்டுவிடவில்லை. ஏடு சில நூறு ஆண்டுக்கு மேல் தாங்குவது அரிது. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பெயர்த்தெழுதினால்தான் அடுத்தவர் கைக்கு அது போய்ச்சேரும். அப்படிப் பெயர்த்தெழுதிய கைகள் இல்லையேல் பதிப்பாசிரியருக்குப் பதிப்பிக்க ஏதுமில்லை. விதையும் அவ்வாறே. கஞ்சா விதை சில ஆண்டுகளில் முளைப்புத் திறனை இழக்கும். விதைத்து, அறுத்து, நல்லதைப் பொறுக்கி எடுத்து மறுபடி விதைப்பவர் இருந்தால்தான் ஒரு வகை பிழைத்திருக்கும். சோதனைக்கூடம் செய்வது பதிப்பாசிரியரின் பணி. அரிய பணிதான். ஆனால் மூலத்தைத் தாமே இயற்றியதாகச் சொல்லும் பதிப்பாசிரியரை நம் மரபில் என்னவென்று அழைப்போம்?

பணியின் அருமையைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. போதை தரும் டி.எச்.சி. மூலக்கூறில் ஐந்து கார்பன் கொண்ட ஒரு வால் உண்டு. டி.எச்.சி.வி.யில் அந்த வாலுக்கு மூன்றே கார்பன். வேறுபாடு அவ்வளவே. இரண்டையும் செடி ஒரே வகை நொதிகளைக் கொண்டுதான் கட்டுகிறது. தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளும் மூலப்பொருள்தான் வேறு. எடியன் டி மெயர் என்னும் பயிர்ப்பெருக்க அறிஞரும் அவருடைய குழுவினரும், பிரிட்டனின் ஜி.டபிள்யூ. ஃபார்மசூட்டிகல்ஸ் நிறுவனத்துக்காகப் பல ஆண்டுகள் கண்ணாடி வீடுகளில் செடி வளர்த்துக் கண்டறிந்தது இது: டி.எச்.சி.யா கன்னாபிடையாலா என்பதைப் பெரும்பாலும் ஒரே மரபணு இடம் தீர்மானிக்கிறது; வாலின் நீளத்தையோ பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆகையால் மூன்று கார்பன் வகையைச் சாதாரண வகையோடு கலந்தால் பிள்ளைகள் இரண்டுங்கெட்டானாகவே பிறக்கும். தலைமுறை தலைமுறையாகத் தன்னோடே சேர்த்து, சோதித்து, கழித்து, மிஞ்சியதன் கிளைத் துண்டை நட்டுக் காக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை.

சோதனையும் எளிதன்று. பழைய வழக்கப்படி வாயு குரோமட்டோகிராஃபிக் கருவியில் ஏற்றினால், செடியில் அமில வடிவில் இருப்பது கருவியின் சூட்டில் சிதைந்து வேறொன்றாகிவிடும். செடியில் உண்மையில் இருந்தது என்ன என்பது மறைந்துபோகும். திரவ குரோமட்டோகிராஃபியில் அமிலம் அமிலமாகவே தெரியும். அங்கு அமிலத்தின் எடையிலிருந்து டி.எச்.சி.யின் எடையைக் கணக்கிட 0.877 என்னும் எண்ணால் பெருக்குவார்கள். டி.எச்.சி.வி.க்கு அந்த எண் 0.867. இதைக் கவனியாமல் எல்லாவற்றையும் முதல் எண்ணாலேயே பெருக்குவது நம் மாணவர் எல்லா நூலுக்கும் ஒரே உரையை மனப்பாடம் செய்து வருவது போன்றது! அதைவிட முக்கியம், ஒப்பிட்டுப் பார்க்கத் தூய மாதிரி கையில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வரைபடத்தில் அந்தக் கூம்பு எழுந்து நின்றாலும் அதற்குப் பெயரிட ஆளில்லை. கன்னாபிடையாலின் கூம்புக்குப் பக்கத்திலேயே அது எழுவதால், அசந்தால் ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிடலாம். பாடபேதம் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும்.

ஆக, அருமை என்பது பாதி செடியில் இருக்கிறது. மீதி கேட்கப்பட்ட கேள்வியில் இருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போன மாதிரிகளிடம் பல்லாண்டுகளாகக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: இது கஞ்சாவா, இல்லையா? ஆம் என்றால் வளர்த்தவருக்குச் சிறை, செடிக்குத் தீ. மூன்று கார்பன் வால் பற்றி யாரும் கேட்கவில்லை.

இப்போது மூலப் பிரதிகளைப் பார்ப்போம். 1970இல் ஆக்ஸ்ஃபோர்டின் கில், பேட்டன், பெர்ட்வீ ஆகியோர் இந்தச் சேர்மத்தை இனங்கண்டது மருந்தாக வழங்கிவந்த கஞ்சா டிஞ்சரில். 1971இல் நெதர்லாந்தின் மெர்குஸ் அதைக் கண்டு பெயரிட்டது நேபாளத்து ஹஷீஷில். 1972இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்து ஃபெட்டர்மேனும் டர்னரும் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'இந்திய வகை' என்று வருகிறது. பின்னர் தென்னாப்பிரிக்கச் செடிகளிலும் இது மிகுந்து காணப்படுவது தெரியவந்தது. எந்த நாடு என்பது வரைக்கும் பதிவு இருக்கிறது. எந்த மலை, எந்த ஊர், எந்தக் கை என்பதுதான் வெளியே வரவில்லை. நமது பதிப்பாளர் எவராவது 'ஆசியாக் கண்டத்துப் பிரதி ஒன்று' என்று முகவுரை எழுதியிருந்தால் ஏற்றிருப்போமா?

வளர்த்தவர் ஒன்றும் அறியாதவர் என்ற எண்ணமும் பிழை. 1893-94இல் விசாரணை நடத்திய இந்தியக் கஞ்சா மருந்துகள் ஆணையத்தின் அறிக்கையைப் புரட்டினால், இன்று வங்காள தேசத்தில் இருக்கும் நவகாவ் பகுதியின் வயல்கள் கண்முன் வருகின்றன. அங்கே 'போத்தார்' என்றொரு கைவினைஞர். பூக்கும் பருவத்தில் வயலில் நடந்து, ஆண் செடிகளை இனங்கண்டு பிடுங்கிப்போடுவது அவர் வேலை. மகரந்தம் பட்டுவிட்டால் பெண் பூ விதை பிடித்துச் சரக்கு கெட்டுவிடும். ஒரு செடியைப் பிசகாகக் கணித்தால் வயலே பாழ். வெள்ளைக்கார அதிகாரிகளே இவரைக் 'கஞ்சா டாக்டர்' என்று எழுதினார்கள். இது சோதனையன்றி வேறென்ன? அவருக்குக் கார்பன் எண்ணத் தெரியாது, உண்மை. ஆனால் மணத்தையும் பிசினையும் பயனையும் பார்த்துப் பொறுக்கிய தலைமுறைகள்தான் ஒரு மலைச்சரிவின் செடியை இன்னொன்றிலிருந்து வேறாக்கி வைத்தன. கண்ணாடி வீட்டுக்காரர் பொறுக்குவதற்கு வேற்றுமை என்ற ஒன்று இருந்ததே அவர்களால்தான்.

இனி, நமக்கு நெஞ்சு எரியும் இடத்துக்கு வருவோம். இந்தச் சேர்மத்தைப் பற்றிப் பேசும் எவரும் 'டர்பன் பாய்சன்' என்னும் வகையைச் சொல்லாமல் விடுவதில்லை. அமெரிக்கக் கடைகளில் அந்தப் பெயரொட்டி விற்பவற்றில் பெரும்பாலானவை இன்று டி.எச்.சி. மிகுந்து டி.எச்.சி.வி. துளியளவே உள்ள கலப்புகள் என்பது தனிக் கதை. பெயரில் உள்ள ஊரைப் பாருங்கள். 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' கப்பல் ஒப்பந்தத் தொழிலாளரை இறக்கிவிட்ட அதே டர்பன். கரும்புத் தோட்டத்துக்குப் போன நம்மவர் கஞ்சாவை ஊரிலேயே அறிந்திருந்தார்கள். ஆப்பிரிக்கர்களோ அதற்கு நெடுங்காலம் முன்பே 'டாகா' என்ற பெயரில் அதைப் புகைத்துவந்தார்கள். பத்தாண்டு கழித்து, 1870இல், நேட்டால் அரசு ஒரு சட்டம் இயற்றியது. கஞ்சாச் செடியின் எந்தப் பகுதியையும் புகைக்கவோ, வைத்திருக்கவோ, அவர்களுக்கு விற்கவோ, கொடுக்கவோ கூடாதென்று அது விலக்கியது யாரை? 'கூலிகள்' என்று சட்டத்தின் வாசகமே சொல்கிறது. அக்குடியேற்றத்தில் அந்தச் செடியின் மேல் விழுந்த முதல் தடை, செடியின் மேல் விழவில்லை. கப்பலில் வந்திறங்கிய தமிழரும் தெலுங்கரும் பீகாரிகளுமான கூலிகளின் மேல் விழுந்தது. தோட்ட வேலை கெட்டுப்போகும் என்ற கவலைதான் காரணம். எங்கள் வட்டாரத்தில் 'நெட்டால் போனவர்' என்று பெயர் மட்டும் எஞ்சிய மூதாதையர் இன்றும் சில வீட்டுப் பேச்சில் உண்டு. நமது வீட்டிலும் ஒருவர். அவர் புகைத்தாரா என்பது தெரியாது. அவரைச் சுட்டித்தான் சட்டம் எழுதப்பட்டது என்பது தெரியும்.

1922இல் தடை நாடு முழுவதற்கும் பரவிற்று. 1923இல் தென்னாப்பிரிக்க அரசு இதை உலகளவில் விலக்கவேண்டுமென்று சர்வதேச சங்கத்துக்கு எழுதியது. எகிப்தின் வற்புறுத்தலும் சேர, 1925 ஜெனீவா உடன்படிக்கையில் 'இந்தியச் சணல்' இடம்பெற்றது. கிழக்குக் கேப் பகுதியின் போண்டோலாந்து மலைகளில் அம்போண்டோ மக்கள், பெண்கள் பலர் உட்பட, பள்ளிக் கட்டணத்துக்கும் உப்புக்கும் இந்தச் செடியை நம்பி வாழ்ந்தார்கள். அவர்கள் வயல்கள்மேல் காவல்துறை ஹெலிகாப்டர்களிலிருந்து களைக்கொல்லி தெளித்தது. எதிர்ப்பு வலுத்து 2016இல்தான் தெளிப்பு நின்றது. தனியிடத்தில் பெரியவர்கள் பயன்படுத்துவது குற்றமாகாது என்று 2018 செப்டம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் அதற்கெனச் சட்டமும் வந்தது. அதிலும் விற்பனைக்கு இடமில்லை. விற்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம். மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் உரிமம் வேண்டும். அதற்கு வேலி, கேமரா, காவல், சோதனைச் சான்று வேண்டும். மலைச்சரிவில் மண்வெட்டியோடு நிற்கும் மூதாட்டிக்கு இவற்றில் எது எட்டும்? நேற்று அவர் வயலில் களைக்கொல்லி. இன்று அவர் விதையின் வழிவந்ததற்குப் பக்கத்து மாகாணத்துக் கண்ணாடி வீட்டில் குளிரூட்டி.

நண்பர் தரப்பில் சொல்லக்கூடியதையும் நாமே சொல்லிவிடுவோம். டி.எச்.சி.வி.யால் யாரும் இதுவரை கோட்டை கட்டிவிடவில்லை. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 62 பேரிடம் நடந்து 2016இல் வெளியான முன்னோட்டச் சோதனையில், 13 வாரம் இதை உட்கொண்டவர்களின் வெறும்வயிற்றுச் சர்க்கரை குறைந்தது. ஆனால் சோதனையின் முதன்மை இலக்காக வைத்த நல்ல கொழுப்பின் அளவு மாறவில்லை. இதை வைத்துக்கொண்டு அமெரிக்கச் சந்தையில் 'எடை குறைக்கும் கஞ்சா' என்று கூவுகிறவர்களை என்ன சொல்ல. 2021இல் ஜி.டபிள்யூ. நிறுவனத்தை ஜாஸ் ஃபார்மசூட்டிகல்ஸ் 720 கோடி டாலர் மதிப்பில் வாங்கியதும் பெரிதும் கன்னாபிடையாலில் செய்த வலிப்பு மருந்துக்காகத்தான். சரி. பங்கு பிரிக்க இன்று பணமில்லை என்றே வைத்துக்கொள்வோம். பெயர் எழுத மைகூடவா இல்லை?

விதை கைமாறிக் கைமாறி வந்துவிட்டது, இனி மூலத்தைத் தேட முடியாது என்பார்கள். தேடினால் முடியும் என்பதற்கு அதே தென்னாப்பிரிக்காவே சான்று. பசி தாங்க சான் மக்கள் மென்றுவந்த ஹூடியாச் செடியின் சாற்றுக்கு அந்நாட்டு அரசு ஆய்வு நிறுவனம் காப்புரிமை எடுத்தது. சான் மக்கள் கேள்வி எழுப்பிய பிறகு, 2003இல் அவர்களோடு பயன்பகிர்வு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதிலிருந்து பெரும்பணம் வரவில்லை. ஆனால் அறிந்தவர் யார் என்பது தாளில் பதிவாயிற்று. ஹூடியாவுக்கு முடிந்தது கஞ்சாவுக்கு ஏன் முடியவில்லை என்றால், காரணம் வெளிப்படை. என் விதை என்று உரிமை கோரி முன்வருபவர், அதே மூச்சில் குற்றத்தை ஒப்புக்கொண்டவராகிறார். 1870இலிருந்து கட்டப்பட்டுவந்த சட்டம் உரிமையாளரின் வாயை முதலில் கட்டியது. பிறகு, உரிமை கோர யாரும் வரவில்லையே என்று வியக்கிறோம்.

இது கடல் கடந்த கதை மட்டுமன்று. உத்தராகண்டில் நாருக்கும் விதைக்குமாகச் சணல் பயிரிட உரிமம் தருகிறார்கள், டி.எச்.சி. 0.3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. மலையூர்களில் தலைமுறைகளாக நிற்கும் செடிகள் பல அந்த வரம்பைத் தாண்டுபவை. ஜம்முவில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனமே அனுமதியோடு கஞ்சா வளர்த்து ஆராய்கிறது. நாளை அங்கும் ஓர் அரிய சேர்மம் கூம்பாக எழக்கூடும். அப்போதும் அறியாத பாமரர் என்ற அதே வரியைத்தான் எழுதப் போகிறோமா?

சோதனைக்கூடங்கள் தரும் பகுப்பாய்வுச் சான்று ஒன்றின் படத்தை இணையத்தில் பார்த்தோம். தொகுதி எண், ஈரப்பதம், ஈயம், பூஞ்சை, பூச்சிக்கொல்லி எச்சம், ஒவ்வொரு சேர்மத்துக்கும் இரண்டு தசமத் துல்லியத்தில் அளவு. அந்த அளவுகளையும் எவ்வளவு நம்பலாம் என்பது வேறு. கொலராடோவில் கடைச் சரக்கை வாங்கி மறுபடி அளந்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலானவற்றில் சீட்டில் அச்சிட்டதைவிட டி.எச்.சி. குறைவாகவே இருந்தது. காசு கொடுப்பவரே மாணவராகவும் மதிப்பெண் போடுபவரைத் தேர்பவராகவும் இருந்தால் தேர்வு எப்படி நடக்குமென்று நமக்குத் தெரியும். அது கிடக்கட்டும். நாம் மேலும் கீழும் தேடியும் அந்தச் சான்றில் காணாதது, விதை எவ்வூரிலிருந்து வந்தது என்பதற்கான ஒரு கட்டம்.

நண்பரின் கட்டுரைகள் விரைவில் நூலாக வரவிருப்பதாக அறிகிறோம். அச்சுக்குப் போகுமுன் மூன்றாம் பக்கத்து வரியை அவர் எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தில் நேபாளம், போண்டோலாந்து, நவகாவ் என்று மூன்று ஊர்ப்பெயரை எழுதினாலும் போதும். முகவுரையில் இடம் போதாதென்றால் அடிக்குறிப்பில் எழுதட்டும்.